இருப்பதிலேயே மெதுவான பெட்டி

செப்டம்பர் 6, சனி

கட்டிட வாசலில் கேபிள்காரன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். இந்த மாதத்தோடு பழைய கேபிள் நின்றுவிடுமாம். இனி எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். அதற்கு டிவியோடு இணைக்க ஒரு பெட்டி வேண்டும். எந்தப் பெட்டி என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

என் கணவன் ஓஸ்வால்டோவிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீயே பாத்து ஒண்ணு வாங்கிடு மிர்த்தா. இதெல்லாம் உனக்குத்தான் சரிப்படும்."

சரிப்படும். கேஸ் பில் எனக்குச் சரிப்படும். அவன் அம்மாவின் பென்ஷன் வரிசை எனக்குச் சரிப்படும். அவனுடைய கொலஸ்ட்ரால் மாத்திரை நான் வேலை செய்கிற மருந்துக்கடையிலிருந்தே வருகிறது, அதுவும் எனக்குத்தான் சரிப்படும். டிவி முன்னால் உட்காருவது ஒன்றுதான் எனக்குச் சரிப்படாது.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிது. இவர்களுடைய கால்பந்து அணி ஃபரோல் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறும் மேட்ச். காபித் தட்டோடு நான் ஹாலுக்குள் நுழைகிறேன், எதிரணி கோல் போடுகிறது. என் மாமியார் டெல்மா திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "முஃபா." ராசிகெட்டவள் என்று அர்த்தம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் "விளையாட்டுக்குத்தான், கொஞ்ச நேரம் உள்ளயே இரேன்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை. என் மகளுக்கு இருபத்திரண்டு வயதாகிறது.

ஃபரோல் இன்னும் இரண்டாம் டிவிஷனில்தான் கிடக்கிறது. நான் உள்ளே போகாமலே எத்தனை முறை தோற்றிருக்கிறது! அதையெல்லாம் யார் கணக்கில் வைக்கிறார்கள்?

செப்டம்பர் 7, ஞாயிறு

ஓஸ்வால்டோவின் தம்பி தாரியோ வந்துவிட்டான், அவனோடு அத்தை டெல்மாவும். மேட்ச் நாளில் தாரியோ என் பெயரைச் சொல்ல மாட்டான். ராசிகெட்டவர்களின் பெயரை வாயால் சொன்னாலே தோஷமாம். மற்ற நாளில் "அண்ணி, அண்ணி" என்று குழைகிறவன் இன்று ஹாலிலிருந்து, "சமையலறை! ஐஸ் இருக்கா?" என்று கூவுகிறான். வேறு யாராவது தவறி "மிர்த்தா" என்று சொல்லிவிட்டால் அவன் கை கால்சட்டையின் தொடையிடுக்குப் பக்கம் போகும். தோஷம் கழிகிறதாம். வளர்ந்த ஆண்பிள்ளை!

எல்லாருடைய போனும் வழக்கம்போல சூப் பானைக்குள். மூடி போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார்கள். மேட்ச் முடியும் வரை யாரும் தொடக் கூடாது. இதுவும் ஒரு சகுனம்.

இரண்டாவது பாதியில் தட்டு எடுக்கத் தலையை நீட்டினேன். கோல் விழுந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது பழகிவிட்டது. ரோசியோ சொன்னதுதான் பழகவில்லை: "அம்மா, ப்ளீஸ்மா. கொஞ்சம் உள்ள போயேன்."

நான் பெற்ற பெண்.

செப்டம்பர் 10, புதன்

தாரியோ ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தான். பெயரில்லை, பில் இல்லை. "அண்ணி, கடையில போய் ஏமாறாதீங்க. ஆயிரம் சேனல். உலகத்துல இல்லாததெல்லாம் இதுல இருக்கு. எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்டேன். "எங்கேர்ந்து வருது?"

"பாத்தீங்களா, கேக்குறீங்க."

ஓஸ்வால்டோவுக்கு வாயெல்லாம் பல். தம்பி கொண்டுவந்தால் தகரமும் தங்கம். நீயே பாத்து வாங்கு என்று சொன்ன வாய்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆயிரம் சேனலும் ஒரே நேரத்தில் போயே போச்சு. ஃபரோலுக்கு பெனால்டி, ஓடி வருகிறான், காலைத் தூக்குகிறான், திரை கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் ஏதோ சீன மொழி. தாரியோ பெட்டியைத் தட்டினான், குலுக்கினான், கெஞ்சினான். அப்புறம் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

"அங்க என்ன பண்ணுனே?" என்று கேட்டான் ஓஸ்வால்டோ.

என்ன பண்ணுனேனா? உங்களுக்கு எம்பனாடா பொரிச்சுக்கிட்டு இருந்தேன்டா! மாவு மடிச்சு, கறி வச்சு, ஓரம் முறுக்கி, எண்ணெய்ச் சட்டி முன்னாடி வெந்துக்கிட்டு நின்னேன்! திருட்டுப் பெட்டி நின்னதுக்கும் நானா? நாளைக்கு மழை பேஞ்சா அதுக்கும் நானா?

இதையெல்லாம் சொன்னேனா? சொல்லவில்லை. "ஒண்ணும் பண்ணல" என்றேன். எனக்கு என் மேலேயே கோபம்.

செப்டம்பர் 16

இனி நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். கேபிள் கம்பெனியே தன் பெட்டி ஒன்றைச் சில நாளைக்குச் சும்மா தருகிறது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கி மாட்டியாயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

சமையலறையில் என்னிடம் ஒரு சின்ன ரேடியோ உண்டு. பாத்திரம் தேய்க்கும்போது காதில் மாட்டிக்கொள்வேன். மேட்ச் வர்ணனை கேட்பேன் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, யாரும் என்னைக் கேட்டதும் இல்லை. ஃபரோலின் பதினோரு பேரையும் எனக்குத் தெரியும். யார் இடது காலால் அடிப்பான், யார் கடைசியில் களைத்துப்போவான் எல்லாம் தெரியும். அவர்கள் முகம்தான் தெரியாது.

ரேடியோவில் எதிரணிக்காரன் கோல் போட்டுவிட்டான். வர்ணனைக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். ஹாலில் சத்தமே இல்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வாணலியை அலசிக் கவிழ்த்தேன், கையைத் துடைத்தேன், ஐஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எல்லோரும் சிரித்தபடி மாத்தே தேநீர்க் கோப்பையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்! நான் கிண்ணத்தை வைக்கிறேன், திரையில் பந்து வலைக்குள் போகிறது.

"ஐயோ, யார் இவளை உள்ள விட்டது!" அத்தை.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பழைய கேபிளில் இப்படி இல்லை. இந்தப் பெட்டி பின்தங்கி வருகிறது. அந்தக் கோல் நான் சமையலறையில் சட்டி அலசும்போதே விழுந்து முடிந்துவிட்டது. மைதானத்தில் அவர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடிய பிறகுதான் நான் வாசலைத் தாண்டினேன்.

"இது ஏற்கனவே..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதே! இன்னும் நேரம் இருக்கு, வாயைத் திறக்காதே!" ஓஸ்வால்டோ கையை உயர்த்திவிட்டான். அடிக்க அல்ல, அப்படிப்பட்டவன் இல்லை. ஈயை விரட்டுகிற மாதிரி.

சரி. வாயைத் திறக்கவில்லை. இனி திறக்கப்போவதும் இல்லை.

செப்டம்பர் 22

வேலையில் நாள் முழுவதும் அதே நினைப்பு. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

செப்டம்பர் 27, சனி

கம்பெனிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படம் மங்கல் என்று ஓஸ்வால்டோவிடம் சொன்னேன். அது பொய்.

மத்தியானம் பெரிய சாலையில் உள்ள கடைக்குப் போனேன். சுவரில் நான்கு டிவி, நான்கிலும் வேறு வேறு பெட்டி, எல்லாவற்றிலும் ஒரே மேட்ச். ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். வேடிக்கைதான். ரேடியோவில் ஒருவன் கீழே விழுந்தான். கொஞ்ச நேரம் கழித்து முதல் டிவியில் விழுந்தான், பிறகு மூன்றாவதில், பிறகு நான்காவதில். ரேடியோவில் அவன் எழுந்து, ரெஃபரி மஞ்சள் அட்டை காட்டி, ஃபிரீ கிக்கும் அடித்தாயிற்று. இரண்டாவது டிவியில் அப்போதுதான் விழப்போகிறான்.

கடைப்பெண் வந்தாள். நகமெல்லாம் பச்சைச் சாயம். "எது பாக்குறீங்க மேடம்? இந்த ஓரத்துல முதல்ல இருக்கறது நல்ல வேகம். மேட்ச் பாக்கறவங்க எல்லாம் இதைத்தான் கேப்பாங்க."

"இருக்கறதுலயே மெதுவானது எது?"

"மெதுவா..?"

"ஆமா. லேட்டா வர்றது."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதோ, அந்த ரெண்டாவது. ஒரு நிமிஷத்துக்கும் மேல பின்னாடி ஓடும். படம் தெளிவா இருக்கும், ஆனா பக்கத்து வீட்டுக்காரன் கத்தின பிறகுதான் நீங்க கோல் பாப்பீங்க. எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்துடறாங்க மேடம்."

எங்கள் தெருவில் ஃபரோலுக்காகக் கத்த யாரும் இல்லை. அது நகரத்தின் தென்கோடிக் கிளப். நாங்கள் வடக்கே குடிவந்தவர்கள். இங்கே பாதிப் பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

"அதையே குடு" என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புதுப் பெட்டி. தாரியோவே, "படம் கண்ணாடி மாதிரி இருக்கே" என்றான்.

காதில் ரேடியோ. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். முதல் பாதி முழுக்க ஒன்றும் இல்லை. பிறகு கார்னர், ஃபரோலின் உயரமான தடுப்பாட்டக்காரன் தலையால் முட்டுகிறான், கோல்! ரேடியோவைக் கழற்றிப் பையில் போட்டேன், எம்பனாடாத் தட்டை எடுத்தேன், நிதானமாக நடந்தேன். வாசலில் நின்றேன்.

"வெளிய போ!" நால்வரும் ஒரே குரலில்.

"தட்டை வச்சுட்டுப் போறேன்."

"இப்ப வேணாம், கார்னர்—" தாரியோ முடிப்பதற்குள் பந்து வலையில். கத்தல், கட்டிப்பிடித்தல், மாத்தே சிந்தி சோபாவில். அத்தை என்னைப் பார்த்தாள். நான் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துணியை வாயில் வைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு முறை போனேன். இரண்டு கோல்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு முறை. ஒரு கோல். தாரியோ சமையலறைக்கே வந்துவிட்டான். "அண்ணி, தோஷம் சில சமயம் திரும்பிக்குமாம். ரொம்ப வருஷம் ஆனா ராசியா மாறிடுமாம். எங்க வேலையில ஒருத்தன் சொன்னான்." மேட்ச் நாளில் என்னை அண்ணி என்கிறான்!

ஃபரோல் மூன்றாம் இடத்தில். ஏறுவதற்கான ஆட்டங்களில் இடம் உறுதி.

அக்டோபர் 19, ஞாயிறு

எப்போதும்போல அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, அன்னையர் தினம். ரோசியோ பூ வாங்கி வந்தாள். ஓஸ்வால்டோ கறி சுட்டான். சாப்பிட்டு முடித்ததும் தாரியோ தரையில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். ஹால் வாசலில் மஞ்சள் டேப்பால் பெருக்கல் குறி.

"இதான் உங்க இடம். இந்த ஏப்ரனைத் துவைக்கக் கூடாது, ஜெயிச்சதெல்லாம் இதுலதான். தட்டு கையில இருக்கணும். கூப்பிடும்போது வந்து நில்லுங்க, கோல் விழுந்ததும் திரும்பிடுங்க."

என் ராசி திரும்பியதை அத்தையும் ஏற்றுக்கொண்டாளாம். "அவளுக்கு இப்பதான் நேரம் நல்லாயிருக்கு" என்று என் முன்னாலேயே ஓஸ்வால்டோவிடம் சொன்னாள். நான் ஏதோ வளர்ப்புப் பிராணி போல.

"உட்காரட்டுமா?" என்று கேட்டேன்.

ஓஸ்வால்டோ பதறினான். "உக்காந்தா மாறிடும், மிர்த்தா. நல்லா போய்க்கிட்டு இருக்கு, ஏன் கெடுக்கணும்?"

அன்னையர் தினத்தில், என் வீட்டில், எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனோடு, தரையில் ஒட்டிய டேப்பின் மேல், தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். சோபாவின் தவணை என் சம்பளத்தில் கட்டியது. இதுதான் நான் ஜெயித்த லட்சணமா? ராசிகெட்டவளாக இருந்தால் ஸ்டூலாவது உண்டு. ராசிக்காரிக்கு அதுவும் இல்லை.

யாரை ஏமாற்றினேன் என்று நினைத்தேன்? அவர்களையா? நல்லா ஏமாந்தது நான்தான்.

அக்டோபர் 26

ஜெயித்தார்கள். நின்றேன். கால் வலி.

நவம்பர் 1, சனி

நாளை கடைசி ஆட்டம். டிரா ஆனாலே ஃபரோல் முதல் டிவிஷனுக்கு ஏறிவிடும். ஓஸ்வால்டோ சாப்பிடவில்லை. "நாளைக்கு உன்னை நம்பித்தான் இருக்கோம்" என்று என் தோளைத் தட்டினான். இத்தனை வருடத்தில் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

எழுத உட்கார்ந்தாயிற்று. கோபம் இன்னும் இறங்கவில்லை.

கோல் இல்லாமலே ஆட்டம் கடைசி வரை வந்துவிட்டது. ஹாலில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அத்தையின் குரல்கூடக் கேட்டது. ரேடியோவில் வர்ணனைக்காரன் இன்னும் ஒரே ஒரு தாக்குதல் பாக்கி என்றான். இடது பக்கத்திலிருந்து பந்து வந்தது. எதிரணியின் ஒன்பதாம் எண்காரன் தலையால் முட்டினான். கோல். ரெஃபரி விசில். முடிந்தது.

ஹாலில் இன்னும் பாட்டு.

ஸ்டூலிலேயே இருந்திருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை. நான் உள்ளே போகாததால் தோற்றோம் என்று வருத்தப்படுவார்கள், அடுத்த வருடம் புது டேப் ஒட்டுவார்கள். நான் ராசிக்காரியாகவே நின்றிருக்கலாம். அதை நினைத்ததும்தான் ரத்தம் கொதித்தது.

ஏப்ரனைக் கழற்றி எறிந்தேன். உள்ளே போனேன். டேப்பைத் தாண்டினேன். பதற்றத்தில் தாரியோ எழுந்து நின்றிருந்தான், ஓஸ்வால்டோவுக்குப் பக்கத்தில் இடம் காலி. உட்கார்ந்தேன்.

"மிர்த்தா! என்ன பண்றே! போ, போய் டேப்புல நில்லு!"

"மாட்டேன்."

"அம்மா—"

"சும்மா இரு ரோசியோ. எல்லாரும் கேளுங்க. இப்ப இடது பக்கத்துலேர்ந்து ஒரு பந்து வரும். அவங்க ஒன்பதாம் நம்பர் தலையால முட்டுவான். கோல் விழும். விசில் அடிப்பான். தோத்தாச்சு. நான் இங்க உக்காந்ததால இல்ல."

திரையில் பந்து இடது பக்கத்திலிருந்து வந்தது.

தாரியோ சோபாவை விட்டுப் பின்வாங்கினான். "சூனியக்காரி" என்றான், கை எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். நான் சட்டைப் பையிலிருந்து ரேடியோவை எடுத்து, காதுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, மேசை மேல் வைத்தேன். அங்கே எதிரணியின் கோச் பேட்டியே கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம பெட்டி ஒரு நிமிஷம் லேட்டு. கடையிலேயே இருக்கறதுலயே மெதுவானதைக் கேட்டு வாங்கினேன். நானா உள்ள வந்த ஒவ்வொரு தடவையும் கோல் விழுந்த பிறகுதான் வந்தேன்."

"அப்ப இத்தனை நாளும் எங்களை ஏமாத்துனீங்களா?" தாரியோ.

"ஆமா! அஞ்சு வாரம். நீங்க எத்தனை வருஷம்?"

அத்தைதான் முதலில் சமாளித்தாள். "பழைய கேபிள்ல லேட்டு கிடையாதே. அப்ப நீ உள்ள வந்தப்போ விழுந்ததெல்லாம்?"

"அத்தை, அங்க பதினோரு பேரு ஓடுறான். அத்தனை பேரையும் என் காபித் தட்டு தோக்கடிச்சுதா? அப்படி எனக்குச் சக்தி இருந்தா முதல்ல உங்களைத்தான் மாத்தியிருப்பேன்!"

சொல்லிவிட்டேன். அவளுக்கு எண்பது வயது, சொல்லியிருக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். சொன்னேன், சொன்னதுதான்.

தாரியோ விடவில்லை. "சமையலறையில இருந்து நீங்க நெனச்சிருந்தா? நெனச்சாலே போதுமே?"

ரோசியோ எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சித்தப்பா, போதும். நிறுத்துங்க." பிறகு என்னிடம், "அம்மா, செப்டம்பர்ல நான் உன்னை உள்ள போன்னு சொன்னேனே..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். முடிக்கவில்லை, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஓஸ்வால்டோ எழுந்தான். சூப் பானையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

நவம்பர் 5

பேசவில்லை. ஓஸ்வால்டோவோடு நானும் பேசவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பேசினான். "உனக்கு மேட்ச் பாக்கணும்னு இருந்ததா? நெஜமாவே?"

"இருந்தது."

"சொல்லவே இல்லையே."

சொல்லவே இல்லையா! கையிலிருந்த தட்டை உடைத்திருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே இப்போதுதான் தெரிந்துகொண்டவன் முகம். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

டிசம்பர் 24

தாரியோவும் அத்தையும் இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. நாம் அங்கே போவோமா என்று ஓஸ்வால்டோ கேட்டான். நீ போ என்றேன். அவனும் போகவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

புது சீசன். தாரியோ தன் வீட்டுக்கு வேகமான பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். அண்ணனைக் கூப்பிட்டான். "இங்கயே பாக்குறேன்" என்று ஓஸ்வால்டோ போனில் சொன்னது கேட்டது. அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

வெயில் கொளுத்துகிறது, சமைக்கவில்லை. கடையிலிருந்து பீட்சா. ரோசியோ தரையில், நாங்கள் இருவரும் சோபாவில். ரேடியோவை இன்று எடுக்கவில்லை. ஆகவே என்ன நடக்கப் போகிறது என்று எனக்கும் தெரியாது. அது இவ்வளவு படபடப்பாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எதிரணி கோல் போட்டது. மெல்ல எழப் போனேன், கால் தானாகவே எழுந்தது. ஓஸ்வால்டோ துள்ளி எழுந்து திரையை நோக்கிக் கையை நீட்டினான்.

"அந்த கோல்கீப்பர் தூங்குறானா? யாரு அவனுக்குக் கையுறை வாங்கிக் குடுத்தது? தண்டம்! வடிகட்டுன தண்டம்!"

கோல்கீப்பரை. இந்த வீட்டில் முதல் தடவையாக.

நான் மறுபடி உட்கார்ந்தேன். ஃபரோல் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது. கடைசி வரை பார்த்தேன்.